பிரஷர் மாத்திரை பற்றிக் கேளுங்கள்

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். 26 வருடமாக மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நிற்கிறேன். அதில் பெரும்பகுதி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்களைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். கொடுத்த மாத்திரையை எப்படிப் போடுவது, எங்கே வைப்பது, எதோடு சேர்க்கக் கூடாது என்பதையெல்லாம் என்னிடம் கேளுங்கள்.

தேனி: அம்மாவுக்கு அம்லோடிபின் 5. நேற்று போட மறந்துவிட்டார். இன்று இரண்டாகக் கொடுக்கலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. இன்றைக்கு உள்ள ஒன்றை மட்டும் கொடுங்கள். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டுப்போனதற்காகப் பதற வேண்டாம். இரண்டாகப் போட்டால்தான் பிரஷர் சட்டென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்து விழும் ஆபத்து. வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். காலையில் மறந்தது அன்று மதியமோ சாயங்காலமோ நினைவு வந்தால் அப்போதே போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால், விட்டதை விட்டுவிடுங்கள்.

எல்லா மாத்திரையும் இப்படிப் பொறுத்துக்கொள்ளாது. அட்டெனலால், மெட்டோபிரலால் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடக்கும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். குளோனிடினை நிறுத்தினால் பிரஷர் பழைய அளவையும் தாண்டி ஏறும். அட்டையில் ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

திருச்சி: காலையா, இரவா? பெரிய குழப்பமாக இருக்கிறது.

2019ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இரவில் போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் பெருமளவு குறையும் என்றது. அதன் பிறகு பலர் இரவுக்கு மாறினார்கள். 2022ல் பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு லான்செட் இதழில் வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சாவிலோ வித்தியாசமே இல்லை. அதனால் மறக்காத வேளை எதுவோ அதுதான் உங்கள் வேளை. நீர் மாத்திரையை மட்டும் காலையில் போடுங்கள். இரவில் போட்டால் நாலு முறை எழுந்து இருட்டில் பாத்ரூம் போக வேண்டியிருக்கும்.

விழுப்புரம்: வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்றால் பிரஷர் மாத்திரையும் போடக் கூடாதுதானே?

டாக்டர் குறிப்பாக நிறுத்தச் சொல்லாவிட்டால், ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். சுகர் மாத்திரையைத்தான் சாப்பாடு வரை தள்ளிவைக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு வந்து, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, பார்த்தால் 170 இருக்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதுவார். பல பேருக்கு இப்படித்தான் தேவையில்லாமல் டோஸ் ஏறியிருக்கிறது. காலையில் மாத்திரை போடாமல் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கும்பகோணம்: அப்பாவுக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கினேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு வைக்கலாமா?

நல்ல கேள்வி. யாரும் இதைக் கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் ஞாயிறு தவறாமல் டப்பாவை நிரப்பிவிடுவார். பெரியவரும் ஒரு வேளை தவறவில்லை. ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை அறையில் இருந்த டெல்மிசார்டன் ஓரமெல்லாம் ஊறி, மஞ்சள் படிந்து, தொட்டால் விரலில் ஒட்டியது. டப்பா இருந்த இடம் சமையலறை அலமாரி, கீழே குக்கர். டெல்மிசார்டன் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். போடும் நேரம் வரை அட்டையிலேயே இருக்க வேண்டிய மாத்திரை அது.

டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக, உறை பிரியாமல் சதுரமாக வெட்டி, அப்படியே அறைக்குள் போடுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கடைசி வரை வையுங்கள். டப்பா சமையலறையிலும் வேண்டாம், பாத்ரூம் கண்ணாடிப் பெட்டியிலும் வேண்டாம், ஃபிரிட்ஜும் தேவையில்லை. படுக்கையறை அலமாரி போதும்.

நாகர்கோவில்: இரண்டு நாள் மறந்துவிட்டேன், இரண்டும் சேர்த்து...

வேண்டாம். தேனித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காயல்பட்டினம்: நோன்பு மாதத்தில் எப்படிப் போடுவது லாத்தா?

ஒரு நாளைக்கு ஒன்று என்றால் சுலபம், நோன்பு திறந்த பிறகு போடலாம். இரண்டு வேளை மாத்திரையை ஸஹருக்கு ஒன்று, இஃப்தாருக்கு ஒன்று என்று வைக்க முடியும். ஆனால் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நீர் மாத்திரை போடுகிறவர்கள், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கடலூர்: அம்லோடிபின் ஆரம்பித்ததிலிருந்து கணுக்கால் வீங்குகிறது. கிட்னி போய்விட்டதா?

அம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவு இது, 10 மில்லிகிராமில் அதிகம். கிட்னி, இதயக் காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். இதற்கென்று நீங்களாக நீர் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். எனலாபிரில், ராமிபிரில் போடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாதக்கணக்கில் இருமல் சிரப் குடித்துக்கொண்டிருப்பார்கள். மாத்திரையை மாற்றினால் இருமல் போய்விடும். பக்கவிளைவு வந்தால் மாற்று மாத்திரை கேளுங்கள், நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

சிவகாசி: எனக்கு பிரஷர், மூட்டுவலி இரண்டும் இருக்கிறது. வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் செய்யாதே?

செய்யும் அம்மா. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் கிட்னி சில நாளிலேயே அடிவாங்கலாம். வயிற்றுப்போக்கு, வாந்தி நேரத்தில் இன்னும் மோசம். அந்த மாதிரி நாளில் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். வலிக்கு முதலில் பாராசிட்டமால். வலி மாத்திரை கேட்கும்போதெல்லாம் "எனக்கு பிரஷர் இருக்கு" என்று கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: கல்யாணமாகி நான்கு வருடம். டெல்மிசார்டன் போடுகிறேன். நாள் தள்ளிப்போயிருக்கிறது.

நாளைக் காலை முதல் வேலையாக மகப்பேறு டாக்டரிடம் போங்கள், மாத அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் வகைகள் கருவில் உள்ள குழந்தைக்கு ஆகாது. பயப்படாதீர்கள். லபெட்டலால், மெத்தில்டோபா போன்றவை கர்ப்பத்தில் கொடுப்பவைதான். ஆரம்பத்திலேயே மாற்றிவிடலாம்.

திருப்பூர்: மேடம், எனக்கு 41 வயது. டெல்மிசார்டன் 40 ஆறு மாதம் போட்டேன். 124/80 வந்தது. நார்மல் ஆகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. பூண்டுப்பால், முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

தம்பி, அந்த 124 மாத்திரை கொடுத்த 124. கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது. கண் சரியாகிவிட்டது என்று கழற்றி வைக்கிறோமா? "ஒன்றும் இல்லை" என்பதை நம்பாதீர்கள். 180 இருக்கும்போதும் பலருக்கு ஒன்றும் தெரியாது, தலைகூட வலிக்காது. பூண்டும் கீரையும் சாப்பிடுங்கள், நல்லதுதான். மாத்திரையின் இடத்தில் வைக்காதீர்கள்.

திருப்பூர்: கண்ணாடி கிட்னியைக் கெடுக்காது மேடம். மாத்திரை கெடுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். நீங்கள் போட்ட வகை மாத்திரையை, சுகரால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குக் கிட்னியைக் காப்பாற்றவே கொடுக்கிறார்கள். ஆரம்பித்த சில வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்பது உண்மை. பார்த்தீர்களா?

சேலம்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். ஊசி போடும்போது பேச்சுக் கொடுத்தால், "பிரஷர் மாத்திரையை நடுவிலே நிறுத்திட்டேன் சிஸ்டர்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். அண்ணா, தயவுசெய்து பாருங்கள்.

நன்றி சிஸ்டர்.

திருப்பூர்: என் மாமாவுக்கு டாக்டரே நிறுத்தினாரே? 12 கிலோ குறைத்தார்.

நடக்கும். நான் மறுக்கவே இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தால் பிரஷர் ஒரு புள்ளி இறங்கும். உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் கொண்டுவந்து, குடியை விட்டு, தினமும் நடந்தால் சிலருக்கு டோஸ் குறையும். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகும். ஆனால் மாமாவுக்கு டாக்டர் படிப்படியாகக் குறைத்திருப்பார், ஒவ்வொரு படியிலும் அளந்திருப்பார். நிறுத்திய பிறகு நீங்கள் எத்தனை முறை அளந்தீர்கள்?

திருப்பூர்: அளக்கவில்லை. அப்பாவின் மெஷின் வீட்டில் இருக்கிறது. இதோ பார்த்தேன், 146/92. மாடி ஏறி வந்தேன், அதனால் இருக்கும்.

இருக்கலாம். இப்போது சரியாக அளப்போம். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல், போன் பார்க்காமல் இருங்கள். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, வெறும் கையில் பட்டையைக் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

அவர் அளக்கட்டும், அதற்குள் மற்றவர்கள்.

புதுக்கோட்டை: இந்துப்புக்கு மாறிவிட்டேன். இனி அளவு பார்க்க வேண்டியதில்லையே?

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அளவு அதே அளவுதான். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் போடுகிறவர்களும் கிட்னி நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

வேலூர்: எந்தக் கம்பெனி மாத்திரை நல்லது?

கம்பெனி சொல்ல மாட்டேன். சீட்டில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. இலவச மாத்திரை வேலை செய்யாது என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஜன்னலில் நின்று அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

ராமநாதபுரம்: தாத்தாவுக்கு 200 ஏறினால் நாக்கின் அடியில் நிஃபெடிபின் சொட்டு விடச் சொன்னார் ஒருவர்.

விடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காப்ஸ்யூலை ஊசியால் குத்திச் சொட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா பத்து நிமிடத்தில் வேர்த்து நனைந்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடந்தார். பிரஷர் அதலபாதாளத்துக்குப் போனால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாது. அதனால்தான் அந்தப் பழக்கமே கைவிடப்பட்டது. 200 ஏறி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், வாய் கோணல், கை கால் மரத்தல் எதுவாவது இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லாவிட்டால் உட்காரவைத்து மறுபடி அளந்து, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

திருப்பூர்: மேடம், முதலில் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தேன். இப்போது நீங்கள் சொன்ன மாதிரி பார்த்தேன். 152/96, 150/94.

சரி தம்பி. இது இன்றிரவே ஓட வேண்டிய எண் இல்லை. ஆனால் நார்மலும் இல்லை. வீட்டில் 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். நாளைக் காலை டாக்டரிடம் போங்கள், பழைய சீட்டையும் இந்த எண்களையும் கொண்டுபோங்கள். மூன்று வாரமாகப் போடவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மறைத்தால், மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுவார். பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் இதே மாதிரி அளந்து நோட்டில் எழுதுங்கள். எடை குறைத்து, அந்த நோட்டைக் காட்டி, "குறைக்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

திருப்பூர்: போகிறேன் மேடம். அப்பாவுக்கும் அளந்தேன், 168. அவரும் என்னைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை பழைய அட்டையை எடுத்து இருவரும் நீங்களாகக் கூட்டிப் போட வேண்டாம். அப்பா வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், மூட்டுவலி மாத்திரையும் சேர்த்து.

தர்மபுரி: மூன்று நாள் விட்டுவிட்டேன், இன்றைக்கு இரண்டு போடலாமா?

ஒன்றுதான் ஐயா. மூன்று நாள் ஏன் விட்டுப்போயிற்று, அட்டை தீர்ந்துவிட்டதா?