படப்பிடிப்பு முடிந்தும் ஆவணப்படம் ஏன் முடிவதில்லை?

இரண்டு வருடமாக உங்கள் படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கிறது, எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் முதல் நாள் போட்ட கணக்கில்தான். கேமரா வாடகை, பயணம், சாப்பாடு எல்லாம் எழுதுவோம்; எடிட்டிங் என்று வந்தால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’.

சிகாகோவின் இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்களைப் பற்றிய ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994) ஆவணப்படத்தை எடுத்தவர்கள் முதலில் அரை மணி நேரப் படம் எடுக்கத்தான் கிளம்பினார்கள். ஆரம்பத்தில் கிடைத்த மானியம் 2,500 டாலர். ஐந்து வருடப் படப்பிடிப்பில் சுமார் 250 மணி நேரப் பதிவு சேர்ந்தது. தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், அதை ஒருமுறை பார்க்கவே ஒரு மாதம் ஆகும். வெட்டுவது அதற்கப்புறம்.

அடுத்தது ஒலி. என்னைக் கேட்டால், படத்தைவிட இதுதான் காலை வாரும். டீக்கடையில் எடுத்த பேட்டி அருமையாக இருக்கும். பின்னால் டிவியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பேசுபவர் குரலும் பாட்டும் ஒரே மைக்கில் கலந்துவிட்டால் சுத்தமாகப் பிரிப்பது சிரமம். பாட்டுக்கு உரிமை வாங்கப் பணம் வேண்டும், இல்லையென்றால் பேட்டியையே தூக்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் டிவியை அணைக்கச் சொல்லியிருந்தால் செலவே இல்லை!

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பேட்டிகளை நிமிடக் கணக்கோடு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கும் நாட்கள் குறையும். பிறகு, இருப்பதில் சிறந்த ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி, அதைக் காட்டி மானியம் கேளுங்கள்.