கல்லூரி ஆண்கள் சிலர் பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறுவது ஏன்? குடிதான் காரணமா?

கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இங்கே யாரைக் கேட்டாலும் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத்தான் கை காட்டுவார்கள். எல்லை தாண்டினால் புதுச்சேரிச் சரக்கு மலிவு, பசங்க கெட்டுப்போறாங்க, அவ்வளவுதான். ஆனால் அங்கே போய்வருகிறவர்களில் பெரும்பாலானோர் யார் வம்புக்கும் போவதில்லையே?

நீல் மாலமத் என்ற உளவியலாளர் தன் குழுவோடு அமெரிக்கக் கல்லூரி ஆண்களை ஆராய்ந்து 1991இல் அத்துமீறலுக்குக் கொண்டுபோகும் இரண்டு வழிகளைச் சொன்னார். பெண்கள் மேல் சந்தேகம், பகை, அடக்கினால்தான் ஆம்பளை என்ற நினைப்பு ஒன்று. ஒட்டுதலே இல்லாமல் உடலுறவைக் கணக்குக் காட்டும் சமாச்சாரமாகப் பார்ப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் ஆபத்து உச்சம். குடி அதன்மேல் ஊற்றுகிற பெட்ரோல். போதையில் இருப்பவன் சிரித்துப் பேசினதையே சம்மதமாக எடுத்துக்கொள்வான்.

இங்கே நான் பார்ப்பது பெரும்பாலும் முதல் வழி. அதை வளர்த்துவிடுவது கூட இருக்கும் நண்பர்கள். புதுச்சேரி பஸ்ஸில் பின்படிக்கட்டுப் பக்கம் நின்றால் கேட்கலாம். "என்ன மச்சி, மூஞ்சிக்கு நேரா வேணாம்னுட்டாளாமே?" நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு நிராகரிப்பைவிட அந்தச் சிரிப்புதான் வலி. தவளக்குப்பம் வருவதற்குள் பேச்சு மாறிவிடுகிறது: "அவளுக்கு அவ்ளோ திமிரா? பாத்துக்கறேன்." காலையில் காதல் என்று சொன்னவன்தான்! கூட்டத்தில் ஒருத்தன் "விடுடா, அவ இஷ்டம்" என்றிருந்தால் பாதி சூடு அங்கேயே இறங்கியிருக்கும். அதைச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை.

இன்னொன்று, செய்தவர்களில் பலருக்குத் தாங்கள் செய்தது குற்றம் என்றே தோன்றுவதில்லை. உளவியலாளர் மேரி காஸ் குழுவினர் 32 அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் கேட்டு 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலை ஒப்புக்கொண்டார்கள். 'இதைச் செய்தாயா' என்று செயலைச் சொல்லிக் கேட்டதால் வந்த பதில் அது. 'நீ குற்றவாளியா' என்று கேட்டால் யார் தலையாட்டுவார்?

வகுப்பில் நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவைச் சொல்வேன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் முதல் முறையே மூன்று ஆண்டுவரை சிறை. உடனே ஒரு குரல் வரும்: "சார், அப்போ லவ் பண்றதே தப்பா?" இல்லை தம்பி, கேட்கலாம். பதிலும் அவள்தான் சொல்வாள்.