எட்டில் ஏறி, பதினெட்டில் இறங்குங்கள்: தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை பற்றிக் கேள்வி பதில்

நான் சிங்கப்பூரில் அப்பர் தாம்சனில் குடியிருக்கிறேன். வேலை மேக்ஸ்வெல் பக்கம். 2021 ஆகஸ்டில் எங்கள் நிலையம் திறந்த வாரம் முதல் இந்தப் பாதையில்தான் அன்றாடப் பயணம். அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, புதிய பாதையால் உண்மையிலேயே நேரம் மிச்சமா?

மிச்சம்தான் தம்பி. இந்தப் பாதை வருவதற்கு முன்பு பேருந்தில் பீஷான் போவேன். அங்கே ரயிலேறி, ராஃபிள்ஸ் பிளேசில் மாறி, தஞ்சோங் பகாரில் இறங்கி நடப்பேன். 2022 நவம்பர் 13 அன்று ஸ்டீவன்ஸ் முதல் கார்டன்ஸ் பை த பே வரை 11 நிலையங்கள் திறந்தன. அன்றிலிருந்து எனக்கு ஒரே ரயில். நேரத்தைவிட, வழியில் மாற வேண்டாம் என்பதுதான் பெரிய நிம்மதி. உட்கார்ந்தால் மேக்ஸ்வெல் வரை புத்தகம் படிக்கலாம்.

பிடோக்கிலிருந்து ஒருவர்: ஊரிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தனியாக ரயிலில் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். நான் என் அம்மாவை அப்படித்தான் பழக்கினேன். அவருக்குப் போக வேண்டிய இடம் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். மேக்ஸ்வெல் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். எங்கள் நிலையத்தின் குறியீடு டிஇ8, மேக்ஸ்வெல் டிஇ18. “எட்டில் ஏறி, பதினெட்டில் இறங்குங்கள்” என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் நானும் உடன் போனேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து, எதிர்ச்சுவரில் தமிழில் எழுதியிருக்கும் நிலையப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு உட்கார்ந்தார். மேக்ஸ்வெல்லில் எனக்கு முன்னால் அவரே இறங்கிவிட்டார். நான்கு மொழிப் பலகை எதற்கு, எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரித் தமிழ் இல்லாவிட்டால் என் அம்மா இன்றும் யாராவது கூட்டிப்போகட்டும் என்று வீட்டில் காத்திருப்பார்.

இன்னொன்று. பழைய நிலையங்களில் வெளிவாயில்களுக்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. இந்தப் பாதையில் 1, 2, 3 என்று எண்கள். எண்ணை வாசிக்க எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. பயணியை நினைத்துச் செய்த மாற்றம் இது. எந்த எண் வாயில் என்பதை உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். தவறான வாயிலில் ஏறிவிட்டால் சாலையின் மறுபக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

செம்பவாங்கிலிருந்து: டிஇ9-க்கு அடுத்து டிஇ11 வருகிறது. 10 எங்கே போனது?

என் அம்மாவும் அன்று இதைப் பார்த்துத்தான் பதறினார், ரயில் ஒரு நிலையத்தில் நிற்காமல் போய்விட்டதோ என்று. கால்டிகாட்டுக்கும் ஸ்டீவன்ஸுக்கும் நடுவே மவுண்ட் பிளெசன்ட் என்று ஒரு நிலையம் உண்டு. அங்கே குடியிருப்புகள் வந்த பிறகு திறப்பதற்காக அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மரினா சவுத்தும் அப்படித்தான், அதற்கு 21. முதன்முறை வருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை: காலை நெரிசலில் எந்தப் பெட்டியில் ஏறுவது அக்கா?

நான்கே பெட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஐந்து கதவுகள் இருப்பதால் ஏறி இறங்குவது விரைவாக நடக்கிறது. ரயில் வருவதற்கு முன்பே, எந்தப் பெட்டியில் எவ்வளவு கூட்டம் என்று நடைமேடைத் திரை காட்டிவிடும். பச்சை என்றால் இடம் உண்டு, சிவப்பு என்றால் நெருக்கடி. பலர் நகரும் படிகளில் இறங்கியதும் எதிரே தெரியும் கதவிலேயே குவிந்து நிற்கிறார்கள். திரையைப் பார்த்துவிட்டு இருபது அடி தள்ளி நில்லுங்கள்.

தோ பாயோவிலிருந்து: பயண அட்டையில் மீதமுள்ள பணத்தை வாயிலிலேயே காட்ட வேண்டும் என்று 2024-இல் அவ்வளவு பேர் கொதித்தது தேவைதானா?

தேவைதான். பழைய அட்டையைத் தட்டினால் கட்டணமும் மீதமும் அங்கேயே தெரியும். சிம்பிளிகோ என்ற புதிய கட்டண முறையில் கைப்பேசிச் செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பழைய முறையை ஜூன் 1 முதல் நிறுத்தப்போவதாக ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தார் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுக்கவே ஜனவரி 22 அன்று முடிவை மாற்றிக்கொண்டார்கள். பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக ஒதுக்கப்பட்டது. மீதம் எவ்வளவு என்பதும் பயணிக்கான தகவல்தான். வாயிலைக் கடக்கும் அந்த நொடியில் தெரிந்தால்தான் அது பயன்படும்.

பொங்கோலிலிருந்து: சேவைத் தடை வந்தால் என்ன செய்கிறீர்கள்?

நடைமேடையில் நின்று காத்திருக்க மாட்டேன். ஒருமுறை வேறொரு பாதையில் மாட்டிக்கொண்டேன். அறிவிப்பு ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. பக்கத்தில் நின்ற கட்டட ஊழியர்கள் இருவர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தமிழில் சொன்ன பிறகுதான் பேருந்துக்கு நடந்தார்கள். சாதாரண நாளில் நான்கு மொழிகளில் பேசிவிட்டு, தடங்கல் நாளில் ஒரே மொழியில் பேசுவது சரியில்லை. அப்படிப்பட்ட நாளில் பக்கத்தில் புரியாமல் நிற்பவருக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தெம்பனிசிலிருந்து: பச்சைப் பாதையிலிருந்து (கிழக்கு–மேற்கு) நீலப் பாதைக்கு (டௌன்டவுன்) மாறும்போது அட்டையைத் தட்டி வெளியே போகச் சொல்கிறதே, இரண்டு கட்டணமா?

இல்லை. தெம்பனிசிலும் நியூட்டனிலும் வெளியே வந்துதான் மாற வேண்டும். 15 நிமிடத்துக்குள் மறுபக்க வாயிலில், அதே அட்டையைத் தட்டி நுழைந்துவிட்டால் ஒரே பயணமாகக் கணக்காகும். நடுவில் காப்பி வாங்க நிற்காதீர்கள்.