லாரி எடைக் கட்டுப்பாடும் கருவிகளும்: கேள்வி பதில்

சரக்கு வாகனங்களின் எடையைக் கண்காணிக்கும் கருவிகள், மின்னணு அபராதச் சீட்டு, அவை சார்ந்த விதிகள் ஆகியவை பற்றி லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்): ஐயா, சுங்கச்சாவடியில் தரையில் பதித்த கருவி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடை காட்டுகிறது. லோடு ஏற்றிய இடத்தில் எடைமேடையில் வாங்கிய சீட்டு வேறு எடை சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் கருவிகள் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எடைமேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது. அதன் முழு எடையும் மேடைக்கு அடியில் உள்ள சுமை உணரிகளில் இறங்குகிறது. ஓடும் வண்டியை எடை போடும் கருவியோ, ஒவ்வோர் அச்சும் தன்னைக் கடக்கும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் அளந்து, அவற்றைக் கூட்டி மொத்த எடையைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தில் வண்டி குதிக்கலாம். ஓட்டுநர் பிரேக் பிடித்தால் பின் அச்சில் இருந்த பாரத்தின் ஒரு பங்கு முன் அச்சுக்கு மாறும். அரைகுறையாக நிரம்பிய டேங்கர் என்றால் உள்ளே திரவம் முன்னும் பின்னும் அலைந்து அச்சுகளின் எடையையே மாற்றிக் காட்டும்.

இதனால்தான் இக்கருவிகளுக்கான அமெரிக்கத் தர நெறியான ஈ1318, முதல் வகைக் கருவிக்கு மொத்த எடையில் 10 விழுக்காடும் தனி அச்சில் 20 விழுக்காடும் வரை பிழையை ஏற்றுக்கொள்கிறது. அமலாக்கத்துக்கென வகுத்த மூன்றாம் வகையில்கூட மொத்த எடையில் 6 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். 28 டன் லாரியில் 6 விழுக்காடு என்பது ஒன்றேமுக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நெடுஞ்சாலை வேகத்தில் அளக்கும் கருவியைச் சல்லடையாகப் பயன்படுத்தி, சந்தேகத்துக்குரிய வண்டியை மட்டும் நிலையான மேடைக்கு அனுப்புவதே முறை. சாவடித் தடத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்து செல்லும்போது அளக்கும் கருவியை இதைவிடக் கூடுதலாக நம்பலாம். ஆனால் கருவிக்கு முன்னும் பின்னும் தரை சமமாக இருக்க வேண்டும், நீங்களும் அதன்மேல் ஒரே சீரான வேகத்தில் செல்ல வேண்டும். முத்திரையிட்ட எடைமேடையின் சீட்டைக் கைவசம் வைத்துக்கொண்டு, மறு எடை போடக் கேளுங்கள்.

கேள்வி (ஓட்டுநர், சங்ககிரி): நள்ளிரவில் வண்டியை மறித்து, எடைமேடைக்குத் திருப்பு என்கிறார்கள். எவ்வளவு தூரம் வரை போக வேண்டும்? மறுத்தால் என்ன ஆகும்?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி, நீங்கள் செல்லும் வழியில் எந்த இடத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் எடைக் கருவி இருந்தால், அங்கே வண்டியைக் கொண்டுசெல்லும்படி அதிகாரம் பெற்ற அலுவலர் சொல்லலாம். நிறுத்த மறுத்தாலோ, எடை போட மறுத்தாலோ, எடை போடுவதற்கு முன் பாரத்தை இறக்கினாலோ 194-ஆம் பிரிவின்படி அபராதம் 40,000 ரூபாய். பல சமயங்களில் இது அதிக பாரத்துக்கான அபராதத்தையே விஞ்சிவிடும் என்பதால், மறுப்பதில் லாபம் ஏதுமில்லை. இன்னொன்றையும் உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்: ஓட்டுபவர் உரிமையாளராக இல்லாத வழக்கில், அதிக பாரம் உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின் பேரிலேயே ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி (கட்டடப் பொறியியல் மாணவி, திருச்சி): மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதாதா? ஒவ்வோர் அச்சையும் ஏன் தனியாக அளக்கிறார்கள்?

பதில்: சாலை லாரியின் மொத்த எடையை உணர்வதில்லை, தன்மேல் உருளும் அச்சின் எடையைத்தான் உணர்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ஒரு கணக்கு கிடைத்தது: அச்சின் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் படியில் (ஒரே எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கிய அளவில்) கூடுகிறது. அச்சில் 20 விழுக்காடு கூடுதல் என்றால் சேதம் இரண்டு மடங்கு. 50 விழுக்காடு கூடுதல் என்றால் ஐந்து மடங்கு. நம் நாட்டிலும் சாலையின் தடிமனைக் கணக்கிடும்போது வாகனங்களை 80 கிலோநியூட்டன், அதாவது 8.16 டன் கொண்ட ஒரு நியம அச்சுக்குச் சமமாக மாற்றித்தான் எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சட்டத்தின் மேலேயே போட்டுப் பார்க்கலாம். 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட தனி அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன்னாயிற்று, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கும், உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கும் உயர்ந்தன. லாரித் தொழிலுக்கு அது தேவையான சீர்திருத்தம்தான். ஆனால் 11.5-ஐ 10.2-ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்தினால் 1.6 வரும். வரம்புக்குள் முழுப் பாரத்தோடு ஓடும் அச்சே பழைய வரம்பைவிட 60 விழுக்காடு கூடுதல் சேதம் செய்கிறது என்றால், அதற்கும் மேலே ஏற்றுவதைப் பொறுத்துக்கொள்ளச் சாலையில் மிச்சம் எதுவும் இல்லை.

தூக்கு அச்சு உள்ள டாரஸ் எனப்படும் பல அச்சு லாரிகளில் இதை நேரில் பார்க்கலாம். வண்டி காலியாக ஓடும்போது டயர் தேயாமலிருக்க அந்த அச்சைத் தூக்கிக்கொள்வது நியாயம். பாரத்தோடு ஓடும்போதும் தூக்கியே வைத்திருந்தால், மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடாது. எடைமேடைச் சீட்டும் சுத்தமாக இருக்கும். மற்ற அச்சுகள் மட்டும் தங்களுக்குரியதற்கு மேல் சுமந்துகொண்டு போகும். ஓடும் வண்டியின் அச்சுகளைத் தனித்தனியே அளக்கும் கருவியிடம் இந்த வேலை பலிக்காது. மேடையின் துல்லியம் அதற்கு இல்லாவிட்டாலும், மேடைக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிகிறது.

கேள்வி (லாரி உரிமையாளர், திருச்செங்கோடு): அபராதத்தைக் கட்டிவிட்டால் அதே பாரத்தோடு போகலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிப்பதோடு, அதிக பாரத்தை இறக்கும் செலவையும் உங்கள் தலையில் வைக்கிறது. இறக்காமல் வண்டி நகரக்கூடாது. சில மாநிலங்கள் முன்பு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அதிக பாரத்தோடு செல்ல அட்டை கொடுத்துவந்தன. பணம் கட்டியதால் மிகைப் பாரத்துக்கு அனுமதி கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் தெளிவாக்கியது.

இப்போதைய தானியங்கி முறையின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கேமராவும் எடைக் கருவியும் சேர்ந்து அனுப்பும் அபராதச் சீட்டு உரிமையாளரின் கைபேசிக்கு வந்து சேரும்போது, அந்தச் சரக்கு எப்போதோ இறங்கியிருக்கும். சட்டம் கேட்பது பணம், பாரம் இறக்குதல் ஆகிய இரண்டையும். கருவியால் வசூலிக்க முடிவது முதலாவதை மட்டுமே. டன்னுக்கு 2,000 ரூபாயை வாடகையில் சேர்த்துவிட்டால், பழைய அட்டை முறை வேறு பெயரில் திரும்பிவிடும். கருவி கண்டுபிடித்ததும் அடுத்த சாவடியிலேயே வண்டியை ஒதுக்க ஓர் இடமும், இறக்கிய சரக்கை வைக்க ஒரு கொட்டகையும், பொறுப்பேற்க ஓர் அலுவலரும் இல்லாவிட்டால், எத்தனை உணரிகள் பதித்தாலும் சாலைக்குப் பயனில்லை.

கேள்வி (ஓட்டுநர், சேலம்): எல்லா ஆவணங்களையும் கையில் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் போதும். மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தின் காகித நகலைக் கேட்கக்கூடாது என்று 2020 அக்டோபர் 1 முதல் விதியே இருக்கிறது.

கேள்வி (போக்குவரத்து நிறுவன மேலாளர், சென்னை): கருவி வழியாக வந்த அபராதச் சீட்டு தவறு என்று தோன்றினால் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியைப் படியுங்கள். வேகக் கேமரா, எண் தகட்டை வாசிக்கும் கேமரா ஆகியவற்றோடு எடைக் கருவியையும் மின்னணு அமலாக்கக் கருவியாக அது பட்டியலிட்டது. கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சீட்டில் எண் தகட்டுப் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான அலுவலரின் சான்று ஆகியவை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி வகுத்தது. இவற்றுள் முதலில் கேட்க வேண்டியது ஒப்புதல் சான்றின் தேதி. அடுத்து, படத்தில் உள்ள எண் தகட்டையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் உங்கள் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (டிப்பர் உரிமையாளர், கரூர்): கிரஷரில் ஏற்றுபவர் எவ்வளவு ஏற்றுகிறாரோ அதுதான் லோடு. குறைவாக ஏற்று என்றால் அடுத்த நடை கிடைக்காது. சாலையில் பிடிபடுவது நாங்கள் மட்டும்தானா?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. எம்-சாண்ட் யூனிட் கணக்கில் விற்கிறது. சட்டம் டன் கணக்கில் பேசுகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அது சுமார் நாலரை டன் இருக்கும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். மொத்த எடை 28 டன் என்று பதிவான டிப்பரின் வெற்று எடை 11 டன் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 17 டன். நான்கு யூனிட் முழுதாக ஏற்றினாலே வரம்பைத் தாண்டிவிடும். ஐந்து, ஆறு யூனிட் கேட்கும் வாடிக்கையாளருக்கும் அதைக் கொட்டித் தரும் கிரஷருக்கும் இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.

மின்வழிச் சீட்டு (இ-வே பில்) இதைத் தடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது வரிக்காக வந்த சீட்டு. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்லும் சரக்கானால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டதற்கும்தான் அது தேவை. ஒரு லோடு எம்-சாண்ட் அந்த மதிப்பைத் தொடுவதே இல்லை. எடையைத் தடுக்க வேண்டிய இடம் குவாரியின் வாயில். அங்கே உள்ள எடைமேடையை ‘வாகன்’ என்ற அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தோடு இணைத்து, வண்டியின் எண்ணுக்கு உரிய மொத்த எடையைத் தாண்டினால் கனிம நடைச்சீட்டே அச்சாகாதபடி செய்துவிட்டால், சாலையில் உங்களை மறிக்க வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஏதும் வேண்டாம். இருக்கும் இரண்டு கணினிகளைப் பேசவைத்தால் போதும். சிமெண்ட் ஆலை, துறைமுகம், சரக்குக் கிடங்கு ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும். பதிவான மொத்த எடைக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கடமையை வாடகைக்குச் சரக்கைக் கொண்டுசெல்லும் நிறுவனங்கள்மேல் 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் சுமத்தியிருக்கிறது. அதைச் சாலையில் அல்ல, ஏற்றுமிடத்தில் அமல்படுத்த வேண்டும்.

கேள்வி (ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்): வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது?

பதில்: இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன், இரண்டும் அமெரிக்காவிலிருந்து. பிரீபாஸ் போன்ற திட்டங்களில் பதிவுசெய்த லாரி எடை நிலையத்தை நெருங்கும்போதே, அதன் அடையாளக் கருவி வழியாக நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவும் உரிமங்களும் சரிபார்க்கப்படுகின்றன. பல இடங்களில் சாலையிலேயே எடையும் பார்த்துவிடுகிறார்கள். எல்லாம் சரி என்றால் ஓட்டுநருக்குப் பச்சை விளக்கு எரியும், அவர் நிற்காமல் போய்விடலாம். ஒழுங்காக ஓட்டுபவருக்கு நேரமும் டீசலும் மிச்சமாவதால் அவரே முன்வந்து சேர்கிறார். நம் முறையில் இந்தச் சலுகைப் பக்கம் காலியாக இருப்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. ஃபாஸ்டாக் கட்டாயமாகி ஆண்டுகள் பல ஆன பின்னும் ஒழுங்கான லாரியும் மற்றவற்றோடு சேர்ந்தே மறிக்கப்படுகிறது.

மற்றொன்று நியூயார்க்கின் புரூக்ளின்-குவீன்ஸ் விரைவுச்சாலை. பழுதடைந்த மேம்பாலப் பகுதி ஒன்றைக் காப்பாற்ற, ஓடும் வண்டியின் எடையைக் கொண்டே நேரடியாக அபராதம் விதிக்க அம்மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் குவீன்ஸ் நோக்கிச் செல்லும் திசையில் 650 டாலர் அபராதம் தொடங்கியது. அத்திசையில் அதிக பார வண்டிகள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. கருவி பதித்தது மட்டுமே காரணமன்று: சட்டம், தரச் சோதனை, சீட்டு அனுப்பும் அலுவலகம் ஆகிய மூன்றும் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

கேள்வி (எடைமேடை உரிமையாளர், ஓசூர்): என் மேடையின் சீட்டு எங்கும் செல்லுபடியாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சட்டமுறை எடையளவு அலுவலரிடம் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெறுங்கள், முத்திரைச் சான்றை ஓட்டுநர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். மேடையின் இரு முனைகளிலும் ஏறுதளம் மேடைக்குச் சமமாக இருக்கட்டும். மழைக்குப் பின் மேடைக்கு அடியில் சேரும் சேற்றை அகற்றுங்கள். மேடைக்கும் அதைச் சுற்றியுள்ள சட்டகத்துக்கும் இடையே ஒரு கல் சிக்கினாலும் எடை குறைத்தே காட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் முன் காட்டி பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மேடையைவிட நீளமான டிரெய்லரை முன்பாதி, பின்பாதி என்று இரு முறை எடை போட்டுக் கூட்டித் தராதீர்கள். ஏறுதளம் சற்றே சரிந்திருந்தாலும் அந்தக் கூட்டலில் பிழை புகும். அத்தகைய வண்டியை நீளமான மேடை உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.