பேரனுக்கு ஃப்ரீசர் சாப்பாடா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் மகப்பேறு விடுப்பு முடிந்துவிடும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணியாகும். பகலில் பிள்ளையை அத்தைதான் பார்த்துக்கொள்வார். அவருக்கு முழங்கால் வலி. அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காய்களை வேகவைத்து மசித்து, ஐஸ் டிரேயில் உறைய வைத்து, வாரம் முழுவதும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “ஐஸில் வைத்த பழசை என் பேரனுக்கு ஊட்ட மாட்டேன். காலையில் கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் சாயங்காலம் வரைக்கும் போதும்” என்கிறார். எங்கள் வீட்டில் அசைவம் உண்டு. யார் சொல்வது சரி?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஃபிளாஸ்கிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ஃப்ரீசர் இல்லை, அதுதான்.

சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சி முதலில் இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கும். பிள்ளைக்கு ஊட்ட மூடியைத் திறந்து திறந்து மூட, மதியத்துக்குள் இளஞ்சூட்டுக்கு வந்துவிடும். கைக்கு இதமான அந்தச் சூடு கிருமிக்கும் இதம். அரிசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை; சோறோ கஞ்சியோ ஆறிக் கிடக்கும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்த உணவு வெளியே இருக்கக்கூடியது இரண்டு மணி நேரம். 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம். காலையில் காய்ச்சிய கஞ்சி மாலை நான்கு மணிக்கு ‘புதுசு’ என்று நம்பப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அத்தையின் பயம் வெறும் பிடிவாதம் அல்ல. வைத்த உணவு பிள்ளைக்கு ஆகாது என்பது ஃப்ரீசர் இல்லாத காலத்தில் உயிர் காத்த அறிவு. மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகுவதில்லை என்பதுதான் இப்போது கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பெருகுவதில்லை என்றுதான் சொல்கிறேன், சாவதில்லை. உறைவதற்கு முன் உள்ளே போன கிருமி, உருகியதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். ஆகவே, எவ்வளவு சுத்தமாகச் சமைத்தோம், எவ்வளவு சீக்கிரம் குளிர வைத்தோம் என்பதில்தான் பாதுகாப்பு முழுவதும் இருக்கிறது.

உங்கள் திட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் மாற்றச் சொல்வேன். பிள்ளையின் முழுச் சாப்பாட்டையும் உறைய வைக்காதீர்கள். காய், பருப்பு, கறி ஆகியவற்றை உறைய வையுங்கள். சோறும் கூழும் அன்றன்றைக்கு ஆகட்டும். கேழ்வரகுக் கூழை உறைய வைத்து எடுத்தால் தண்ணீர் தனியாக, மாவு தனியாகப் பிரிந்து நிற்கும். உருளைக்கிழங்கு மசியலும் சொரசொரவென்று ஆகிவிடும். தயிர் திரிந்துபோகும். முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். வாழைப்பழத்தைக் கேட்கவே வேண்டாம். உரித்து முள்கரண்டியால் மசிக்க ஒரு நிமிடம் ஆகுமா? காய் நறுக்கி, வேகவைத்து, மிக்ஸி கழுவுவதில்தான் அத்தையின் முழங்கால் போகிறது. அந்த வேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற வேண்டும்.

மஞ்சள் பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பட்டாணி, பாசிப்பருப்பு, ஆப்பிள், கோழிக்கறி எல்லாம் நன்றாக உறைந்து, நன்றாக மீளும். பரங்கிக்காயில் செய்து பாருங்கள். அரைக் கிலோ கீற்றைத் தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் மூழ்க வேகவைத்து அதை வடித்துக் கொட்டினால் சத்தும் சேர்ந்து போகும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் பதம். அந்தப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரப்பிய அகலத் தட்டில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள், கால் மணி நேரத்தில் ஆறிவிடும். மின்விசிறியின் கீழே மதியம் வரை வைத்து ‘ஆறட்டும்’ என்று விடுவதுதான் ஆகாது. பிறகு மசித்து, வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த டிரேயில் நிரப்பி, மூடி போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மூடி இல்லாவிட்டால் இரண்டே நாளில் பரங்கிக்காயில் மீன் வாசம் அடிக்கும். மறுநாள் கட்டிகளைத் தட்டி எடுத்து, ஜிப் வைத்த பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, பெயரும் தேதியும் எழுதுங்கள். உறைந்த பிறகு கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் வித்தியாசம் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது. டிரேயின் ஒரு குழியில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும். ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டி என்று கணக்கு எளிது.

கீரையையும் பீட்ரூட்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இவற்றில் நைட்ரேட் அதிகம். மசித்து வைத்திருக்கும்போது அது நைட்ரைட்டாக மாறலாம். சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் பிராணவாயு செல்வதை அது தடுக்கும். செய்த உடனே கொடுத்து முடித்துவிடுங்கள். கீரையை மறுபடி சூடாக்காதே என்று உங்கள் அத்தையும் சொல்லியிருப்பாரே, அதை அப்படியே கேளுங்கள்.

காய்கள் இரண்டு மூன்று மாதம் தாங்கும், கறி ஒரு மாதம் தாங்கும் என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு டிரேயையும் சேர்த்து வைக்காதீர்கள். கெட்டுவிடும் என்பதால் இல்லை, பிள்ளை வளர்ந்துவிடுவான் என்பதால். ஆறு மாதத்தில் வழவழவென்று அரைத்தது வேண்டும். ஏழு, எட்டு மாதத்தில் கையால் மசித்தாலே போதும். ஒன்பது, பத்து மாதத்துக்குள் நாக்கில் சிறு கட்டிகள் தட்டுப்பட்டுப் பழகியிருக்க வேண்டும். ஃப்ரீசர் நிறைய மிக்ஸி விழுது இருந்தால், அது தீரும் வரை விழுதையே கொடுக்கத் தோன்றும். ஒன்றரை வயதிலும் எல்லாவற்றையும் அரைத்துக் கேட்கும் பிள்ளைகளின் கதை பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. இன்னொன்று: பிள்ளை இதுவரை ருசி பார்க்காத எதையும் டிரே கணக்கில் செய்யாதீர்கள். புதிய உணவை முதலில் சிறிதளவு, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், பகலில் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ இல்லை என்று மூன்று நாள் பார்த்த பிறகு ஃப்ரீசருக்கு அனுப்பலாம்.

எல்லோரும் டிரேயை ஆரஞ்சு நிறக் காய்களால் நிரப்புகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில் பிள்ளைக்கு அவசரமாக வேண்டியது இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு அந்த வயதில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது குறைவு. பரங்கிக்காய் இந்தக் குறையைத் தீர்க்காது. அசைவ வீடு என்பது உங்களுக்கு வசதி. கோழிக்கறியை நன்றாக வேகவைத்து, வெந்த நீரோடு சேர்த்து அரைத்து ஒரு டிரே. கோழி ஈரலில் இரும்பு இன்னும் அதிகம். ஆனால் வைட்டமின் ஏ மிகுந்தது என்பதால் வாரம் ஒரு முறை, ஒரு சிறு கட்டி போதும். பாசிப்பருப்பு கொடுக்கும் நாளில் ஊட்டும் முன் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பருப்பின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது உதவும். ஆறு மாதம் முதல் வாரம் இரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் உண்டு. தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் கேளுங்கள்.

பகலில் அத்தை செய்ய வேண்டியது இவ்வளவுதான். அன்றைய கட்டிகளை முந்தைய இரவே நீங்கள் ஒரு மூடியுள்ள சம்படத்தில் போட்டு, ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கிவிடுங்கள். மதியம் அதைச் சின்ன வாணலியில் விட்டு, நடுப்பகுதியும் கொதித்து ஆவி வரும் வரை சூடாக்கி, குழைய வெந்த சோற்றோடு மசித்து, அரைக் கரண்டி நெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஊட்டலாம். கரண்டியைச் சாய்த்தால் ஓடிவிடாத கெட்டி வேண்டும். தண்ணீராகக் கொடுத்தால் சின்ன வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. சமையல் மேடையில் வைத்து உருக விடக் கூடாது. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பிள்ளை மீதி வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவே கூடாது, கரண்டி வழியே எச்சில் அதற்குள் போயிருக்கும். இதில் மட்டும் ‘வீணாகிறதே’ என்று பார்க்காதீர்கள். கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்து, கேட்டால் மறுபடி போடுவதே வழி.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். பாட்டி கொடுப்பதால் அது மாறாது. தேன் ஒரு சொட்டும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு நஞ்சு வித்து இந்த வயதில் ஆபத்து.

விடுப்பு முடிகிறதே என்று இப்போதே ஊட்டத் தொடங்கிவிடாதீர்கள். 180 நாள் முடியட்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கரண்டிதான் உள்ளே போகும். பாதி சட்டையில் இருக்கும். அதற்கு ஃப்ரீசரே தேவையில்லை. எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும், பிள்ளையின் பிரதான உணவு அப்போதும் தாய்ப்பால்தான். உங்கள் நிறுவனத்தில் 50 பேருக்குக் குறையாமல் இருந்தால் குழந்தைகள் காப்பக வசதியும், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2017-இல் சட்டத் திருத்தத்தில் வந்தது இது. கேட்காத வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அத்தையிடம் பேசும்போது ஃபிளாஸ்க் கூடாது என்று ஆரம்பிக்காதீர்கள். அவரால் மட்டுமே முடிந்த ஒரு வேலையை முதலில் கேளுங்கள். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முளைகட்டிய மாவில் கூழ் நீர்த்து வரும். அதனால் அதே கிண்ணத்தில் கூடுதலாக மாவு சேர்க்கலாம், சத்தும் கூடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் வரும். காலைக் கூழ் அவர் மாவில், பத்து நிமிடத்தில், அப்போதைக்கு அப்போது. மதியம் உங்கள் கட்டி. பேரன் தின்னுவதில் தன் கை இருக்கிறது என்றால் அவருக்கும் ஃப்ரீசர் மீது இவ்வளவு கோபம் வராது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால், அதன் ஃப்ரீசர் மைனஸ் 18-க்குப் போவது சந்தேகம். ஐஸ்கிரீம் அதில் கல்லாக நிற்கிறதா, குழைகிறதா என்று பாருங்கள். குழைந்தால் ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்துகிறார்களே, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். மாலையில் வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், அரைக் கிலோ பரங்கிக்காய்தானே.