கையைப் பிடித்து ஓடியது அம்மம்மாதானா?

கேள்வி: 2004 சுனாமியின்போது எனக்கு ஆறு வயது. அந்த நாள் எனக்கு ஞாபகமே இருந்ததில்லை. போன மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, நனைந்த பாயைச் சுருட்டியபோது திடீரென்று வந்தது: சிவப்புச் சேலையில் அம்மம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார், என் மற்றக் கையில் பச்சை வாளி. அன்று அம்மம்மா மட்டக்களப்பில் இருந்தார் என்று அண்ணா அடித்துச் சொல்கிறார். கேட்க அம்மம்மாவும் இப்போது இல்லை. என் மூளையில் ஏதும் கோளாறா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: கோளாறு இல்லை, தங்கச்சி. நீங்கள் பொய் சொல்லவும் இல்லை.

ஒரு நாளில் பார்த்தது, கேட்டது, மணந்தது எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவற்றைக் கோத்துத் தருவது ஹிப்போகாம்பஸ். மூளையின் ஆழத்தில், கடற்குதிரை மாதிரி வளைந்த சிறு பகுதி. ஒரு நுனி அகப்பட்டால் மிச்சத்தையும் இழுத்து வரும். மணம் அதற்கு நல்ல நுனி. மணத்தின் நரம்புப் பாதை, பயத்தைப் பதிகிற அமிக்டலாவுக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் மிகக் கிட்டப் போகிறது. ஆகவே இத்தனை வருடம் வராதது ஈரப்பாய் மணத்தில் வருவது நடக்கிற விஷயம்தான்.

ஆனால் துண்டு ஏதும் குறைந்தால், பொருந்துகிற வேறொன்றை எடுத்து மூளை ஒட்டிவிடும். ஓடியது உண்மையாக இருக்கலாம். கை பக்கத்து வீட்டு அக்காவின் கையாக இருக்கலாம். சிவப்புச் சேலை, சுவரில் மாட்டிய அம்மம்மாவின் படத்திலிருந்து வந்திருக்கலாம். நினைக்கும் தடவையெல்லாம் ஒட்டியதும் சேர்ந்து இறுகும். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது சாட்சி ஆகாது.

1995இல் எலிசபெத் லொஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், சிறு வயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை, வீட்டார் சொன்ன உண்மைக் கதைகளோடு கலந்து 24 பேருக்குக் கொடுத்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவர், முழுதாகவோ பாதியாகவோ, அதுவும் ஞாபகம் வருகிறது என்றார். கடற்கரையோரம் சுனாமிக் கதை கதைக்காத வீடு ஏது? அப்படிக் காதில் விழுந்த கதைகளும் உங்கள் நினைவுக்குள் போயிருக்கும்.

அண்ணாவுக்கும் இதே மாதிரி மூளைதான். அவரோடு வாக்குவாதப்பட வேண்டாம். நினைவை மீட்கிறோம் என்று ஹிப்னாடிசம் செய்பவர்களிடமும் போகாதீர்கள். அங்கே கேட்கிற கேள்வியே நினைவாகிவிடும். நித்திரை கெட்டு, நெஞ்சு படபடத்து, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், நீங்களும் அண்ணாவும் தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். பச்சை வாளியைப் பற்றி அதுவரை அவரிடம் வாய் திறக்காதீர்கள்.