அப்பாவின் கிட்டாருக்குப் பக்கத்தில்

அன்புள்ள அக்கா,

கருப்பின அமெரிக்கர்களின் தேவாலய இசை பற்றிய உங்கள் கட்டுரையில் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் பெயரைப் பார்த்ததிலிருந்து ஒரு மாதமாக அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன ஒரு குரல்! ஆனால் ஓர் ஆதங்கம். அறுபது வயது வரை அப்பா, அக்கா, அண்ணன் என்று குடும்பத்தோடு நின்றே பாடியிருக்கிறார். இளமையிலேயே தனியாக வந்திருந்தால் ‘ஸோல் இசையின் ராணி’ அரீத்தா ஃபிராங்க்ளின் அளவுக்குப் பெயர் வாங்கியிருப்பார் அல்லவா? குடும்பம் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

இந்த ஆதங்கம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று சொல்ல 1948ஆம் வருடத்து சிகாகோவுக்குப் போக வேண்டும்.

அப்பா ரோபக் ஸ்டேப்பிள்ஸை எல்லோரும் ‘பாப்ஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் வளர்ந்தவர். அங்கிருந்த டாக்கரி பண்ணையில் ப்ளூஸ் கலைஞர் சார்லி பாட்டன் வாசிப்பதைக் கேட்டுக் கிட்டார் மேல் ஆசை வந்தவர். பிழைப்புக்காக சிகாகோ வந்து இறைச்சிக் கூடத்திலும் எஃகு ஆலையிலும் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் பாட ஒரு ஆண்கள் குழு வைத்திருந்தார். ஒத்திகைக்கு யாரும் ஒழுங்காக வருவதில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய் வீடு திரும்பியவர், பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்தார். கிட்டாரில் ஆளுக்கு ஒரு சுரத்தைத் தட்டிக் காட்டி, இது உன்னுடையது, இது உன்னுடையது என்று பிரித்துக் கொடுத்தார். சின்ன வயதில் தன் உடன்பிறந்தவர்களோடு மிசிசிப்பியில் பாடிய அதே பழைய சேர்ந்திசைதான். கிளியோத்தா, பெர்விஸ், இவோன், மேவிஸ் என்று நான்கு பேர். மேவிஸ்தான் அதில் கடைசி. எட்டு, ஒன்பது வயது இருக்கும்.

நாம் வியக்கும் அந்தக் குரல் எங்கோ தயாராகி வந்து குடும்பத்தில் மாட்டிக்கொள்ளவில்லை, கே. அந்தத் தரையில்தான் அது உருவானது. முன்னால் நின்று பாட மேவிஸுக்கு ஆசையே இருக்கவில்லை. கீழ்ச்சுரத்தில் ஒதுங்கி நின்று பாடுவதுதான் பிடித்திருந்தது. பெர்விஸுக்குக் குரல் உடைந்த பிறகு, அப்பா இவரை முன்னால் நிறுத்தினார். 1956இல் ‘அன்கிளவுடி டே’ இசைத்தட்டு வந்தபோது மேவிஸுக்கு 17 வயது. வானொலியில் கேட்டவர்கள் பாடுவது ஆண் என்றோ, வயதான பெரிய உருவத்துப் பெண்மணி என்றோ நினைத்தார்கள். அத்தனை ஆழம். அந்தப் பாட்டில் பாப்ஸின் கிட்டாரைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் விழுந்த வெளிச்சம்போல நடுங்கும். அதிகம் வாசிக்க மாட்டார். இடம் விட்டுக்கொண்டே போவார். அந்த இடத்தில்தான் மேவிஸ் பாடுகிறார்.

பணம் வர ஆரம்பித்ததும் பிள்ளைகளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலையவில்லை அந்த மனிதர். 1957இல் மேவிஸ் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை கச்சேரிகள் பெரும்பாலும் வார இறுதியோடு சரி. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு பாப்ஸ் மேல் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம், மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தை நேரில் கேட்ட நாள். அவர் பிரசங்கமாகச் சொல்வதை நாம் பாட்டாகச் சொல்லலாம் என்று பாப்ஸ் பிள்ளைகளிடம் சொன்னார். அதிலிருந்து குழுவின் பாதையே மாறியது. லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் நுழைய முயன்ற ஒன்பது கருப்பின மாணவர்களை நினைத்து பாப்ஸ் எழுதிய பாட்டு கிங்குக்கு மிகவும் பிடித்தது. கூட்டங்களில் அதைக் கேட்டு வாங்கிப் பாடவைப்பார். கருப்பினத்தவரின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த 1965 பேரணிக்காகவும் ஒரு பாட்டு பிறந்தது. தனிப் பாடகியாகப் போயிருந்தால் மேவிஸுக்குப் பெரிய பெயர் கிடைத்திருக்கலாம். இந்தப் பாட்டுகள் கிடைத்திருக்காது.

உங்கள் வருத்தத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1969இலும் 1970இலும் அவர் பெயரில் தனி ஆல்பங்கள் வந்தன. பின்னாளில் பாப் நட்சத்திரம் பிரின்ஸ்கூட இரண்டு ஆல்பங்கள் செய்து கொடுத்தார். எதுவும் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அப்பா தடுத்ததால் அல்ல. அரீத்தாவும் அப்பாவின் தேவாலயத்திலிருந்து வந்தவர்தான்; அவர் தானே பியானோ முன் உட்கார்ந்து பாட்டின் போக்கைத் தீர்மானிப்பவர். மேவிஸ், தான் ஒரு வரி பாட மற்றவர்கள் பதில் பாடும் குரல்களுக்கு நடுவே மலர்பவர்.

1972இல் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்த ‘ஐ வில் டேக் யூ தேர்’ பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் பதிவானது. நடுவில் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார் மேவிஸ். கிட்டார் முறை வரும்போது ‘டாடி’ என்று அழைப்பார். அங்கே வாசித்தது எடி ஹிண்டன் என்ற ஸ்டுடியோ கலைஞர். கிட்டார் என்றாலே மேவிஸ் வாயில் அப்பா என்றுதான் வருகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்தார். மேவிஸ் பாட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அப்பா இருந்தால் உன்னைப் பாடத்தான் சொல்லுவார் என்று சொல்லி அவரை எழுப்பியது அக்கா இவோன். 2004இல் வந்த ஆல்பத்துக்கு மேவிஸ் சொந்தப் பணத்தைப் போட்டார். 2011இல் முதல் கிராமி விருது வாங்கியபோது வயது 71. அப்போதும் பின்னால் நின்று சேர்ந்திசை பாடிக்கொண்டிருந்தது இவோன்தான். நீங்கள் கட்டிப்போட்டது என்று சொல்லும் குடும்பம் இதுதான். கிளியோத்தா 2013இலும், இவோன் 2018இலும், பெர்விஸ் 2021இலும் போய்விட்டார்கள். அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர்களில் இன்று மேவிஸ் மட்டும்தான் மிச்சம்.

கடைசிக் காலத்தில் பாப்ஸ் சில பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். படுக்கையில் இருந்தபடி அவற்றைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டார். ‘மேவிஸ், இதைத் தொலைத்துவிடாதே’ என்றார். பல வருடங்கள் பத்திரமாக வைத்திருந்து, இசைக்கலைஞர் ஜெஃப் ட்வீடியின் உதவியோடு மெருகேற்றி, 2015இல் வெளியிட்டார் மகள். ஆல்பத்தின் பெயரே ‘டோன்ட் லூஸ் திஸ்’ — இதைத் தொலைத்துவிடாதே.

முதலில் 1956ஆம் வருடத்துப் பாட்டைக் கேளுங்கள். அது முடிந்ததும் உடனே இந்த ஆல்பத்தைப் போடுங்கள். இரவில், ஹெட்போனில். கேட்டுவிட்டு எழுதுங்கள், கே.

அன்புடன்,
அக்கா